சேலைப் போர்வையில் ஏறிய கிரீஸ் கறையை எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான். பாட்டி தன் பழைய சுங்குடிச் சேலைகளை நாலைந்து அடுக்காகப் போட்டுக் கையாலேயே தைத்த போர்வை. ஊரிலிருந்து பைக்கின் பின்னால் கட்டி எடுத்து வரும்போது ஒரு மூலை அவிழ்ந்து செயினில் உரசிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு கிரீஸ். போதாததற்குத் தலைமாட்டுப் பக்கம் பல வருஷத்துத் தலை எண்ணெய் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. சோப்புக் கட்டி போட்டு இரண்டு தடவை துவைத்து, எலுமிச்சையும் ஆப்பசோடாவும் தேய்த்து, கடைசியில் அயர்னும் பண்ணிப் பார்த்தாயிற்று. ஈரத்தில் போன மாதிரி தெரிகிறது, காய்ந்தால் திரும்ப வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

முதல் வேலையாக அயர்ன் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். துணி நன்றாகக் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் பார்த்து, கறை போய்விட்டது என்று உறுதியாகும் வரை அந்தப் போர்வைக்குச் சூடு ஆகாது. கொதிக்கிற தண்ணீர், மொட்டை மாடி உச்சி வெயில் எல்லாமே இதில் அடக்கம். ஆனாலும் இதுவரை நடந்ததால் போர்வை பாழாகிவிடவில்லை. செயின் கிரீஸை அயர்ன் பண்ணிய பிறகும் எடுக்க முடியும், நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், மூன்று நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் ஆரம்பித்தவன். தைத்து வந்த பீஸில் கறை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே எடுத்துப் போடுவோம்; அது கறை எடுக்கிற ஆளிடம் போகும். பிற்பாடு அந்த ஆளே நானானேன். பின்னல் மெஷினின் ஊசிக்கு எண்ணெய் விடாமல் ஓட்ட முடியாது, தையல் மெஷினும் அப்படியே. ஆகவே எண்ணெய்க் கறை பார்க்காத நாளே கிடையாது. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கும். விசையை அழுத்தினால் மருந்து ஊசி போலப் பீய்ச்சும், இரண்டு நிமிஷத்தில் கறை போய்விடும். அந்தக் காலத்தில் அதில் ஊற்றியது கார்பன் டெட்ராகுளோரைடு. லேசாக இனிக்கிற மாதிரி ஒரு வாசனை. மதியத்துக்கு மேல் தலை கனக்கும். கல்லீரலைக் கெடுக்கும் சரக்கு அது, ஓசோன் படலத்தையும் தின்னும். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010 தொடக்கத்தோடு இந்தியாவில் அந்த உபயோகத்தை நிறுத்திவிட்டார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், “கம்பெனியில் ஒரு மருந்து அடிப்பார்களே, அது எங்கே கிடைக்கும்?” என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. இப்போது அடிக்கிற மருந்துகள் வேறு என்றாலும், வீட்டுக்கு அந்த வித்தை வேண்டாம். பனியன் ஒற்றைத் துணி. மருந்து ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விடும். உங்கள் போர்வை ஐந்து அடுக்கு.

இது எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. அத்தை வீட்டில் இதே மாதிரி ஒரு போர்வை. அதன் மேல் தையல் மெஷின் எண்ணெய் கொட்டிவிட்டது. “இதெல்லாம் ஒரு வேலையா” என்று கம்பெனி மருந்தை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுபோய், மேலாக ஊற்றி, துணியால் அழுத்தித் துடைத்தேன். கறை பளிச்சென்று மறைந்தது. அத்தைக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காய்ந்ததும் பார்த்தால், கறை இருந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்பு வளையம். புரட்டினால் அடிப்பக்கத்தில் இன்னொன்று! எண்ணெய் துணியை விட்டுப் போகவே இல்லை, கரைந்து பக்கத்து அடுக்குகளுக்குக் குடிபோயிருந்தது. துணி காயும்போது உள்ளே இருக்கிற ஈரம் மேற்பரப்பை நோக்கி வரும். வரும்போது எண்ணெயையும் அழுக்கையும் ஏற்றிக்கொண்டு வந்து, ஈரம் ஆவியாகிற விளிம்பில் இறக்கிவிட்டுப் போகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே கதைதான். காய்ந்தால் கறை திரும்ப வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதையே. அது புதிதாக வரவில்லை, உள்ளே இருந்தது மேலே வருகிறது.

ஆகவே அடுக்குப் போர்வையில் கறையைக் கரைத்தால் மட்டும் போதாது. கரைந்த எண்ணெய் போய்ச் சேர ஓர் இடம் கொடுக்க வேண்டும், அந்த இடம் போர்வையாக இருக்கக்கூடாது. கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

இனி கறைக்கு வருவோம். உங்கள் போர்வையில் இருப்பது இரண்டு வேறு கறைகள், இரண்டுக்கும் வைத்தியமும் வேறு.

செயின் கிரீஸ் என்பது பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெயை, பெரும்பாலும் லித்தியம் சோப்போடு குழைத்துக் கெட்டியாக்கியது. புது டப்பாவைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் தேன் நிறத்தில்தான் இருக்கும். சிலது சிவப்பு, நீலம். செயினில் ஓடி ஓடி இரும்புத் துகளும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்துதான் கறுக்கிறது. அதாவது கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு, எண்ணெய் பிடித்து வைத்திருக்கிற பொடி. எண்ணெயை எடுக்காமல் பொடியைத் தேய்த்தால் அது நூலிழைக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். சோப்புக் கட்டியைப் போட்டுக் கரகரவென்று தேய்த்தபோது நடந்தது அதுதான். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் காற்றுப் பட்டுச் சுலபத்தில் இறுகுவதில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் எண்ணெயாகத்தான் இருக்கும். அயர்ன் பண்ணியும் எடுக்கலாம் என்று நான் தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் இது. சூட்டில் அது இளகி இன்னும் இரண்டு அடுக்கு கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

தாவர எண்ணெயின் குணம் வேறு. ஆளிவிதை எண்ணெயை மரத்தில் பூசினால் சில நாளில் இறுகித் தோல் மாதிரி ஆகிவிடும். காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நல்லெண்ணெய்க்கும் அந்தக் குணம் ஓரளவு உண்டு. எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் நகத்தால் சுரண்டினாலும் வராமல் பிசுபிசுவென்று நிற்கிறதே, அதுதான். தேங்காய் எண்ணெயோ சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது இப்படி இறுகாது, சிக்கு வாடைதான் அடிக்கும். அதனால் தலைமாட்டில் இருப்பது வெறும் தேங்காய் எண்ணெய் என்றால் இவ்வளவு மஞ்சள் வந்திருக்காது. தலைத்தோலில் தானாகச் சுரக்கிற எண்ணெயும் அதில் சேர்ந்திருக்கிறது. காற்றுப் பட்டால் மஞ்சளாவது அதன் இயல்பு. எண்ணெயே வைக்காதவர்களின் தலையணை உறையும் மஞ்சளாவது இதனால்தான்.

எலுமிச்சை, ஆப்பசோடா பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்று அமிலம், மற்றது காரம். சேர்த்தால் நுரை பொங்கும், பார்க்க வேலை நடக்கிற மாதிரியே இருக்கும். பொங்கி அடங்கியதும் ஒன்றை ஒன்று தீர்த்துவிட்டு உப்புக் கரைத்த தண்ணீர் மாதிரிதான் மிஞ்சும். எண்ணெய் அசையாது. ஆப்பசோடாவைத் தனியாகப் போட்டாலும் அது சாதுவான காரம். வலு உள்ளது சலவைச் சோடா, அது வேறு பொருள். அந்தக் காலத்து வெள்ளாவியில் நடந்ததும் சோடா வேலைதான். உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை முக்கி, பானைக்கு மேல் அடுக்கி, ஆவியில் வேக வைப்பார்கள். மண்ணில் இருக்கிற காரம் துணியில் இருக்கிற கொழுப்பின் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். அழுக்கை வைத்தே அழுக்கைப் போக்குகிற கெட்டிக்காரத்தனம்! ஆனால் அது வெள்ளை வேட்டிக்குச் சரி, சாயச் சேலைக்கு ஆகாது. பெட்ரோலிய கிரீஸோ எந்தக் காரத்துக்கும் சோப்பாக மாறாது.

சரி, வேலையைத் தொடங்குவோம். முதலில் சாயம் பாருங்கள். போர்வையின் அடிப்பக்கம், கண்ணில் படாத ஒரு மூலையில், ஒவ்வொரு நிறத்துத் துண்டிலும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்குகிற லிக்விட் விட்டு, அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் அந்தச் சாயம் இறங்குகிற சாயம். சுங்குடியில் அரக்கும் கருஞ்சிவப்பும்தான் பெரும்பாலும் காலை வாரும். சாயம் இறங்கினால் முதலில் அடிபடுவது முடிச்சுப் போட்டு எடுத்த அந்த வெள்ளைப் புள்ளிகள். அவை ரோஸ் ஆகிவிட்டால் திரும்ப வெளுக்க வழியில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏறி இத்தனை வருஷம் ஓடிய துணியில் அதை நம்பி இறங்காதீர்கள். சாயம் இறங்குகிற துண்டில் கறை இருந்தால், கீழே சொல்கிற முறையில் தண்ணீர் பங்கை விட்டுவிட்டு, தைலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தைலத்துக்கும் இதே மாதிரி ஒரு சோதனை தனியாகப் பார்த்துவிட வேண்டும்.

தைலம் என்று நான் சொல்வது ஊட்டிப் பக்கம் போனால் எல்லாரும் வாங்கி வருகிற நீலகிரித் தைலம், யூகலிப்டஸ் எண்ணெய். சளிக்கு என்று வாங்கி வைப்போம், ஆனால் கிரீஸ், தார் இரண்டையும் கரைப்பதில் அது கெட்டிக்காரன். மெக்கானிக் கடைகளில் கை கழுவ மண்ணெண்ணெய் வைத்திருப்பார்கள்; அதுவும் கரைக்கும், ஆனால் பஞ்சிலும் பழந்துணியிலும் ஏறிய மண்ணெண்ணெய் வாடை எளிதில் போகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்தால் கிரீஸ் இளகும் என்பதும் உண்மைதான், கைக்கு அது நல்ல வழி. போர்வைக்குள் இன்னொரு எண்ணெயை ஊற்றி அதையும் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. தைலம் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். ஒன்று நினைவிருக்கட்டும்: அது சுலபத்தில் தீப்பிடிக்கிற பொருள். அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேலை பாருங்கள். பாட்டிலைக் குழந்தைகள் எடுக்க முடியாத உயரத்தில் வையுங்கள், வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

கறை மூலையில் இருப்பது ஒரு வகையில் அதிர்ஷ்டம். ஓரத் தையலை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்து, அடுக்குகளுக்கு நடுவே வெள்ளைத் துணி செருகலாம். பாட்டி போட்ட தையலைப் பிரிப்பதா என்று மனசு தயங்கும். ஓரத்தை மட்டும்தான் சொல்கிறேன், நடுவில் வரிசை வரிசையாக ஓடுகிற நூலோட்டத்தைத் தொடவே வேண்டாம். அது எங்கே தடுக்கிறதோ அதுவரை துணி போனால் போதும். பிரிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பத் தைக்கும்போது கை அதே அளவில் போக வேண்டும்.

இப்போது ஒரு பழைய துண்டை நாலாக மடித்துத் தரையில் போடுங்கள். அதன் மேல் கிரீஸ் பட்ட பக்கம் கீழே இருக்கும்படி போர்வையைக் கவிழ்த்து விரியுங்கள். பின்பக்கத்திலிருந்து, பஞ்சில் தைலத்தைத் தொட்டு, கறையின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்றிக்கொண்டே வாருங்கள். நடுவில் தொடங்கினால் வளையம் விழும். ஒற்றிய இடத்தில் கரண்டியின் முதுகை வைத்து, பத்து எண்ணும் வரை அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். பிறகு போர்வையைத் தூக்கித் துண்டைப் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு வட்டம் இறங்கியிருக்கும். அதுதான் கறை வெளியே வந்ததற்குச் சாட்சி. துண்டைச் சுத்தமான இடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி ஒற்றுங்கள். அழுக்கான இடத்தின் மேலேயே வைத்து அழுத்தினால் இறங்கினது திரும்ப ஏறிக்கொள்ளும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நடுவில் செருகிய துணியையும் அப்படியே மாற்றிக்கொண்டே இருங்கள். எட்டுப் பத்துத் தடவை செய்தால் வட்டம் வெளிறிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் துண்டில் ஈரம் மட்டும் தெரியும்.

அந்த இடத்தில் தைலத்தை நிறுத்தி, வாடை அடங்கும் வரை காற்றாட விடுங்கள். அப்புறம் பாத்திரம் துலக்குகிற லிக்விட். சோப்புத் தூள் இதற்கு வேண்டாம். அதில் சோடாவும், துணியை வெள்ளையாகக் காட்டுகிற பளபளப்புச் சரக்கும் இருக்கும், பழைய சாயத்தில் அது திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு ஸ்பூன் லிக்விட்டுக்கு ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர். விரல் நுனியால் கறை மேல் பரப்பி, 20 நிமிஷம் விடுங்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெயைச் சின்னச் சின்ன உருண்டையாகச் சூழ்ந்து தூக்கிக்கொண்டு போக அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகக் குத்திக் குத்தி எடுங்கள். மூலையை ஒரு வாளியின் மேல் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து குவளையால் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள். நுரை முழுக்கப் போக வேண்டும். லிக்விட் கொஞ்சம் தங்கினாலும் அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு மாதத்தில் அதே இடம் மறுபடி அழுக்காகும். கறை திரும்ப வந்துவிட்டது என்று நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

நனைந்த மூலையின் மேலும் கீழும் காய்ந்த துண்டு வைத்து, அதன் மேல் ஒரு தாம்பாளமும் இரண்டு கனமான புத்தகங்களும் வைத்துவிடுங்கள். ஈரம் துண்டுக்குள் போகும், கூடவே மிச்ச எண்ணெயும் போகும். துண்டு நனைந்தால் மாற்றுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் நான் அத்தை வீட்டில் அன்றைக்குச் செய்திருந்தால் அந்த வளையம் விழுந்திருக்காது.

மறுநாள் முழுக்கக் காய்ந்ததும் ஒரு சின்னச் சோதனை. கறை இருந்த இடத்தில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், பக்கத்தில் நல்ல இடத்தில் இன்னொரு சொட்டு. பழம்பருத்தி தண்ணீரை உடனே குடித்துவிடும். கறை இடத்தில் சொட்டு முத்து மாதிரி நின்றால் எண்ணெய் இன்னும் பாக்கி, தைலத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டும் ஒரே மாதிரி உள்ளே போனால் எண்ணெய் போய்விட்டது. பார்வைக்கு இன்னும் சாம்பல் நிழல் தெரிந்தால் அது வெறும் பொடி. பிடித்து வைக்க எண்ணெய் இல்லாததால் அடுத்தடுத்த துவைப்பில் தானாக உதிரும். ப்ளீச்சிங் போட்டால் போகாதா என்று தோன்றும். போகாது, இரும்புப் பொடியை ப்ளீச்சிங் வெளுக்காது. துணியை மட்டும் அரிக்கும். நிழல் கறுப்பாக இல்லாமல் துரு நிறத்தில் இருந்தால் அந்தத் துகள் துருப்பிடித்திருக்கிறது. எலுமிச்சைச் சாறும் உப்பும் வேலை செய்கிற இடம் இது. வெள்ளை அல்லது நிறம் இறங்காத சாயம் உள்ள பருத்தியில் மட்டும், சாயச் சோதனை பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் வைத்து நன்றாக அலசிவிடுங்கள்.

தலைமாட்டுக் கறைக்கு தைலம் வேண்டாம். அங்கே கொழுப்பை உடைக்கிற என்சைம் உள்ள டிடர்ஜென்ட்தான் சரி. பாக்கெட்டின் பின்னால் என்சைம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். செயின் கிரீஸிடம் இந்த என்சைம் தோற்றுவிடும், பெட்ரோலியத்தை அதற்கு உடைக்கத் தெரியாது. தலை எண்ணெய் என்றால் விரும்பித் தின்னும். கை பொறுக்கிற சூடு, அதாவது 40 டிகிரி வாக்கில், ஒரு அகலமான டப்பில் அந்தப் பகுதியை மட்டும் இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிநீர் ஊற்றினால் என்சைம் செத்துவிடும். முதல் தடவை பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் மனசு தளர வேண்டாம். இந்த வகை என்சைம் துணி காய்கிற நேரத்திலும் வேலை செய்துகொண்டிருக்கும், பலன் இரண்டாம் மூன்றாம் துவைப்பில்தான் வெளியே தெரியும். போர்வையில் எங்காவது பட்டுத் துண்டு வைத்துத் தைத்திருந்தால் இந்த டிடர்ஜென்ட் அதன் மேல் படக்கூடாது. புரதத்தை உடைக்கிற என்சைமும் இதில் சேர்ந்தே வரும், பட்டு என்பது புரதம். அந்த இடத்துக்கு வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கி வடிகட்டிய பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும்.

முழுப் போர்வையை ஒரு தடவை அலச வேண்டியிருந்தால் மெஷினில் போடாதீர்கள். இரண்டு கிலோ போர்வை நனைந்தால் ஆறு கிலோவைத் தொடும், அந்தக் கனத்தில் சுற்றினால் பழைய நூல் வரிசையாக அறுந்துகொண்டு வரும். அகலமான டப்பில் முதலில் ஒரு பெட்ஷீட்டை விரித்து, அதன் மேல் போர்வையை வைத்து, தண்ணீரில் காலால் மெதுவாக மிதியுங்கள். தூக்கும்போது பெட்ஷீட்டின் நாலு மூலையையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்குங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்புக் கட்டியே ஆகாது; சோப்பும் அந்த உப்பும் சேர்ந்து பிசுக்காகி, பழந்துணியைச் சாம்பல் பூத்த மாதிரி ஆக்கிவிடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனம் முழுக்க ஒரே வரிசைத் தையலில் இறங்கும். கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்து, நிழலில், மணிக்கொரு தடவை புரட்டிப் போட்டுக் காய வையுங்கள்.

உள்ளே சேலை அடுக்கு இல்லாமல் இலவம்பஞ்சு இருந்தால் இதில் எதையும் செய்யாதீர்கள். இலவம்பஞ்சின் இழையில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இயற்கையாகவே உண்டு. தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை இழுக்கும். கிரீஸ் அதில் ஏறிவிட்டால் அந்தப் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு வேறு பஞ்சு அடைப்பதுதான் வழி. உங்கள் விஷயத்தில் சேலை அடுக்குதான் என்று எழுதியிருக்கிறீர்கள், தப்பித்தீர்கள்.

டிரை கிளீனிங் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், கேட்டுவிட்டுக் கொடுங்கள். தண்ணீருக்குப் பதில் எண்ணெயைக் கரைக்கிற திரவத்தில் துவைப்பதால் கிரீஸுக்கு அது பொருத்தமானதுதான். ஆனால் டிரம்மில் போட்டுச் சுற்றுவார்களா, கறை இடத்தை மட்டும் மேஜையில் வைத்துக் கையால் எடுப்பார்களா என்று விசாரியுங்கள். சுற்றுவோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். கையால் எடுப்பதாகச் சொன்னால், இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கொடுங்கள். எலுமிச்சை, சோடா உட்பட.

மூன்று நாலு தடவை செய்தும் ஒரு நிழல் மிஞ்சினால் அத்தோடு விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் கறைக்கு முன்னால் துணி போய்விடும். மேலே ஓர் ஒட்டுப் போட்டு மறைக்கலாம். பழைய பருத்திச் சேலைத் துண்டாகப் பாருங்கள். புதுத் துணி என்றால் முதல் அலசலிலேயே சுருங்கிச் சுற்றியிருக்கிற பழந்துணியை இழுத்துக் கிழிக்கும், மூன்று தடவை நனைத்துக் காய வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். கறைத் துணியை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, பருத்தி நூலால் தையுங்கள். பாலியஸ்டர் நூல் வலுவாகத் தெரியும், ஆனால் பழைய துணியைக் கத்தி மாதிரி அறுக்கும். தையல் அளவுக்கு, முன்பே எண்ணி எழுதி வைத்தீர்களே, அந்தச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.